சமைக்க இண்டக்ஷன், சூடு ஆறாமல் வைக்க ஹாட்பிளேட்

கரண்ட் அடுப்பு வாங்கப் போனால் கடையில் மூன்று வகை காட்டுவார்கள்: இண்டக்ஷன், இன்ஃப்ராரெட், வட்டமான இரும்புத் தட்டு வைத்த ஹாட்பிளேட். கம்பிச்சுருள் வெளியே தெரியும் பழைய காயில் அடுப்பை நான் சேர்க்கவில்லை. பால் பொங்கினால் நேராகக் கரண்ட் ஓடும் சுருள்மேலேயே வழியும், அந்த வம்பு எதற்கு?

அவசரச் சமையலுக்கு இண்டக்ஷன்தான். காந்தப்புலத்தால் பாத்திரத்தின் அடியே சூடாகிறது, வெப்பம் அதிகம் வீணாவதில்லை. ஆனால் காந்தம் ஒட்டாத அலுமினிய இட்லிப் பானையும் மண்சட்டியும் அதற்கு ஆகாது. இரும்புத் தோசைக்கல் வைக்கலாம். உள்ளே இருக்கும் சுருளின் அகலத்துக்குத்தான் சூடு என்பதால் நடுவில் முறுகலும் ஓரத்தில் வெளிறலுமாக தோசை வரும். இன்னொரு தொல்லை, சிறுதீ. பல மாடல்களில் சிறுதீ என்றால் முழு வேகத்தில் கொஞ்ச நேரம், அப்புறம் ஓய்வு. பாயசம் தளதளவென்று கொதிக்கும், அடங்கும், மறுபடி கொதிக்கும். அடிப்பிடிக்க வேறென்ன வேண்டும்?

ஹாட்பிளேட் சோம்பேறி. தட்டு காயவே நாலைந்து நிமிடம் ஆகும். ஆனால் அடி தட்டையாக இருந்தால் எந்தப் பாத்திரமும் ஏறும். அணைத்த பிறகும் இரும்பு சூட்டை விடாது. சாம்பார் ஒரு கொதி வந்ததும் அணைத்துவிட்டால், சாப்பிட உட்காரும்வரை ஆறாது. நெடுநேரம் வைப்பதென்றால் குறைந்த சூட்டில் தட்டு ஓடிக்கொண்டே இருக்கட்டும். உணவு 60 டிகிரிக்குக் கீழே போகக் கூடாது. வெதுவெதுப்பில் மணிக்கணக்காகக் கிடக்கும் சோற்றில் கிருமி பெருகும். பால், பாயசத்தை வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இறக்கி வைப்பது உத்தமம். ரசம் வைத்த ஈயச்சொம்பை மட்டும் தட்டில் ஏற்றாதீர்கள். ஈயம் என்று நாம் சொல்லும் வெள்ளீயம் 232 டிகிரியில் உருகிவிடும். ரசம் வற்றினால் சொம்பு போச்சு.

இன்ஃப்ராரெட், அதாவது கண்ணாடிக்கு அடியில் சுருள் சிவக்கக் காயும் அடுப்பு, இரண்டுக்கும் நடுவில். மண்சட்டியை ஏற்கும், தட்டைவிடச் சீக்கிரம் காயும். அணைத்ததும் கண்ணாடியில் கை வைத்துவிடாதீர்கள், அவ்வளவுதான்.

வாடகை வீட்டுக்காரர்கள் பிளக் பாயிண்டையும் பார்க்க வேண்டும். 2000 வாட் அடுப்பு முழு வேகத்தில் 9 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும், அதற்கு 16 ஆம்பியர் பாயிண்ட் தேவை. 1000 வாட் ஹாட்பிளேட்டுக்கு நாலரை ஆம்பியர்கூட வேண்டாம். ஒயரிங் நன்றாக இருந்தால் 6 ஆம்பியர் பாயிண்டே போதும். ஒற்றை அறையில் இருப்பவருக்கு நான் சொல்வது இந்த ஹாட்பிளேட்டைத்தான்.