பழுதான சீட் பெல்ட்: கழுவினால் போதுமா, தைக்கலாமா, பழையதை வாங்கலாமா, புதிதுதான் வேண்டுமா?

எட்டுப் பத்து ஆண்டுகள் ஓடிய காரில் சீட் பெல்ட் பெரும்பாலும் மூன்று விதமாகத் தகராறு செய்யும். இழுத்தால் வரும், விட்டால் திரும்பச் சுருளாது. பெல்ட்டைப் பூட்டும் பக்கிளில், பட்டையின் உலோக நாக்கு பொருந்தாது, அல்லது பொருந்தியதுபோல் காட்டிவிட்டுக் கழன்று வரும். பட்டையின் விளிம்பு பிரிந்து நூல் நூலாக நிற்கும். நாலாவது வகை ஒன்றும் உண்டு: விபத்தில் ஒருமுறை ஆளைத் தாங்கிய பெல்ட். பார்வைக்கு எந்தக் குறையும் இல்லாததால் அதைப் பழுது என்றே பலர் எண்ணுவதில்லை.

பணிமனைக்குப் போனால் ஆளுக்கொரு வழி சொல்வார்கள். சுத்தம் செய்தால் சரியாகிவிடும் என்பார் ஒருவர். பட்டையை மட்டும் தைத்துத் தருகிறேன் என்பார் இன்னொருவர். சென்னையில் பழைய கார் உதிரிபாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் கழற்றிய பெல்ட் பாதிக்கும் குறைவான விலையில் கிடைக்கும், எல்லாக் காருக்கும் பொருந்தும் பெல்ட் ஆன்லைனில் கிடைக்கும், கம்பெனி பெல்ட்டே போடுங்கள் என்று பட்டியல் நீளும். என் கணிப்பில் முதலாவதும் கடைசியும் மட்டுமே போட்டிக்குத் தகுதியானவை. மற்றவை விலையில் மட்டும்தான் ஜெயிக்கின்றன.

சுருளாத பெல்ட்டில் தொடங்குகிறேன், ஏனென்றால் வீண் செலவு அதிகம் நடப்பது இங்கேதான். ரிட்ராக்டர், அதாவது பட்டையைச் சுருட்டி வைக்கும் பெட்டி, போய்விட்டது, முழு செட்டும் மாற்ற வேண்டும் என்று சொல்லப்படும் பெல்ட்டுகளில் பலவற்றுக்கு நோய் ரிட்ராக்டரில் இல்லை. தோளுக்கு மேலே, கதவுத் தூணில் பட்டை நுழைந்து இறங்கும் வளையத்தைப் பாருங்கள். வியர்வை, தலை எண்ணெய், தூசி எல்லாம் சேர்ந்து அதன் உள்விளிம்பில் கறுப்புப் பிசுக்காகப் படிந்திருக்கும். ரிட்ராக்டருக்கு உள்ளே இருக்கும் சுருள்வில்லின் இழுவிசை மிகவும் மென்மையானது. பட்டை நெஞ்சை அழுத்தக் கூடாது என்பதற்காகவே அப்படி அமைத்திருக்கிறார்கள். அந்த மெல்லிய இழுப்பை நிறுத்திவைக்க அந்தப் பிசுக்கே போதும்.

பட்டையை முழுவதும் வெளியே இழுத்து, மீண்டும் உள்ளே ஓடாதபடி மேலே ஒரு கிளிப்பை மாட்டுங்கள். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் வளையத்தைத் துடையுங்கள். பட்டையை வெதுவெதுப்பான நீரிலும் மிதமான சோப்பிலும், மென்மையான பிரஷ்ஷால், நெசவு ஓடும் திசையிலேயே தேய்த்துக் கழுவுங்கள். பிளீச்சிங் பவுடர், சாயம் இரண்டும் பாலியெஸ்டர் இழைக்குப் பகை, கிட்டே கொண்டுபோகாதீர்கள். நிழலில் நன்றாகக் காய்ந்த பிறகே சுருள விடுங்கள். ஈரத்தோடு உள்ளே போனால் பூஞ்சை பிடிக்கும். இதற்குப் பிறகும் சுருளவில்லையென்றால்தான் ரிட்ராக்டரைக் குறை சொல்ல வேண்டும். அதைத் திறந்து வில்லைச் சரிசெய்கிறேன் என்று யாராவது முன்வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வில் தெறித்து வெளியே வந்துவிட்டால் பழைய முறுக்கோடு திரும்ப வைப்பது கடினம். மேலும், வண்டி திடீரென்று நிற்கும்போது பூட்டிக்கொள்ளும் பொறியும் அதே பெட்டியில்தான் இருக்கிறது.

பக்கிள் பழுதுக்கும் முதல் மருந்து சுத்தம்தான். வேர்க்கடலைத் தோல், பிஸ்கட் துகள், சில்லறைக் காசு, ஹேர்பின் எல்லாம் அந்தச் சந்துக்குள் போகும். காற்றடித்து வெளியேற்றுங்கள். எண்ணெய் விடாதீர்கள், இன்று வழுக்கும், நாளை தூசியைப் பிடித்துக் களிம்பாக்கும். அதற்குப் பிறகும் நாக்கு ‘டக்’ என்று உட்காராவிட்டால் பக்கிளைத் திருத்தப் பார்க்காமல் மாற்றிவிடுங்கள். 1995-இல் அமெரிக்காவில் டகாட்டா என்ற ஜப்பானிய நிறுவனம் தயாரித்த பெல்ட்டுகளுக்காக 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. பக்கிளின் சிவப்புப் பொத்தான் நாளடைவில் நொறுங்கி, அதன் துணுக்குகள் உள்ளே விழுந்து பூட்டைத் தடுத்ததே காரணம். ஒரு சிறு பிளாஸ்டிக் சில்லு அவ்வளவு செய்யும். பல கார்களில் பக்கிள் தனி உதிரிபாகமாகவே கிடைக்கிறது. முழு பெல்ட்டின் விலையைக் கொடுப்பதற்கு முன் பாக எண்ணைச் சொல்லி விசாரியுங்கள்.

எச்சரிக்கை ஒலியை மட்டும் அடக்கப் பக்கிளில் செருகும் கிளிப் பழுதுக்குத் தீர்வே அல்ல. 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அவற்றை விற்ற 5 இணைய வணிக நிறுவனங்களுக்கு எதிராக உத்தரவிட்டு, பட்டியலிலிருந்து நீக்கச் செய்தது.

பட்டை பிரிந்திருந்தால்? சீட் கவர் தைக்கும் கடையில் நைலான் நூலால் இரண்டு ஓட்டு ஓட்டித் தருவார்கள். 70 கிலோ எடையுள்ளவர் 60 கி.மீ. வேகத்தில் போகும்போது கார் மோதி, அரை மீட்டருக்குச் சற்று அதிகமான தூரத்துக்குள் நின்றால், அவரைத் தடுத்து நிறுத்தத் தேவைப்படும் சராசரி விசை ஒன்றரை டன்னைத் தாண்டும். ஐக்கிய நாடுகளின் 16-ஆம் ஒழுங்குமுறை பட்டை அறுபடாமல் குறைந்தது 1,470 டெக்காநியூட்டன் தாங்க வேண்டும் என்று விதிப்பதும் ஏறத்தாழ அதே அளவுதான். அந்தத் தையலை யாரும் அப்படிச் சோதித்துத் தருவதில்லை. மேலும் ஊசி இறங்கிய இடமெல்லாம் நெசவு இழை குத்துப்பட்டிருக்கும். விளிம்பு பிரிந்த பட்டைக்கு மாற்றம் தவிர வேறு வழி இல்லை.

மாற்றுவதென்று முடிவானால், பழையதா புதியதா என்பதுதான் உண்மையான போட்டி. புதுப்பேட்டைக் கடைக்காரர் காட்டும் பெல்ட்டும் ஒரிஜினல்தான். அதே கம்பெனி முத்திரை, அதே பாக எண். ஆனால் அது எந்தக் காரிலிருந்து வந்தது? நல்ல கார் எதற்காகப் பிரித்துப் போடப்பட்டது? மோதியிருக்கலாம், வெள்ளத்தில் மூழ்கியிருக்கலாம். மோதிய காரில் பட்டை ஆளைத் தாங்கும்போது நீண்டு கொடுத்துத்தான் அதிர்வை உறிஞ்சுகிறது. நீண்ட இழை பழைய நிலைக்கு முழுமையாகத் திரும்பாது. ஒரே உதிரிபாகத்தில் விலை வித்தியாசத்துக்காக அந்தக் கேள்வியை விழுங்க என் மனம் ஒப்பவில்லை.

தயாரிப்பு நின்றுபோன மாடல், புதியது எங்கும் கிடைக்கவில்லை என்றால் மட்டும் பழையதைப் பரிசீலிக்கலாம். அப்போதும் பட்டையைக் கடைசி வரை உருவிப் பாருங்கள். நாக்கின் துளை விளிம்பிலும் தோள் வளையத்திலும் பிளாஸ்டிக் உருகி இழுபட்டதுபோல் பளபளக்கும் கோடுகள் தெரிந்தால் அது விபத்தைக் கண்ட பெல்ட். கீழே வைத்துவிட்டு வாருங்கள். உள்சுற்றில் காய்ந்த சேறு இருந்தாலும் அப்படியே.

எல்லாக் காருக்கும் பொருந்தும் என்று விற்கப்படும் பெல்ட்டை நான் எந்தச் சூழ்நிலையிலும் பரிந்துரைக்க மாட்டேன். முன் இருக்கை பெல்ட்டில் இப்போது பெரும்பாலும் ப்ரீடென்ஷனர் இருக்கிறது. மோதிய நொடியின் சிறு பகுதிக்குள், வெடிமருந்தின் உதவியால் பட்டையைப் பின்னுக்கு இழுத்து உடலை இருக்கையோடு இறுக்கும் அமைப்பு அது. ஏர்பேக்கும் அதுவும் ஒரே கணக்கில் இயங்குபவை. பொதுவான பெல்ட்டில் அந்த அமைப்பு இராது. அது இல்லை என்று காட்டும் எச்சரிக்கை விளக்கு எரியாமல் இருக்க, மின் இணைப்பில் ஒரு ரெசிஸ்டரைச் செருகி வேலையை முடிப்பவர்களும் இருக்கிறார்கள். விபத்துக்குப் பிறகு பாடி வேலை முடிந்து வரும் காரில் ப்ரீடென்ஷனரை உண்மையிலேயே மாற்றினார்களா என்று கட்டாயம் கேளுங்கள். வெடித்த ப்ரீடென்ஷனர் மறுபடி வேலை செய்யாது. காப்பீட்டு சர்வேயர் வரும்போதே பெல்ட்டையும் சேதப் பட்டியலில் எழுதச் சொல்லுங்கள்.

புதிய கம்பெனி பெல்ட்டுக்குச் சில ஆயிரம் ரூபாய் ஆகும், சில நாள் காத்திருக்கவும் நேரலாம். ப்ரீடென்ஷனர் உள்ள பெல்ட்டை வீட்டில் மாற்றாதீர்கள்; பேட்டரி இணைப்பைத் துண்டித்து, கையேடு சொல்லும் நேரம் காத்திருந்து செய்ய வேண்டிய வேலை அது. போல்ட்டையும் கையேட்டிலுள்ள முறுக்குவிசை அளவில்தான் இறுக்க வேண்டும். பெட்டியிலிருந்து எடுத்த புதிய பெல்ட் இழுத்தால் வரவில்லை என்று பலர் திருப்பிக் கொடுக்கப் போகிறார்கள். சாய்த்துப் பிடித்தால் பூட்டிக்கொள்வது அதன் இயல்பு. காரில் இருக்கும் நிலையிலேயே நிமிர்த்திப் பிடித்து மெதுவாக இழுத்தால் வந்துவிடும்.

பின் இருக்கை பெல்ட்டுக்கும் இதே கணக்குதான். முன்னால் புதியது போட்டுவிட்டுப் பின்னால் சுருளாத பெல்ட்டை இருக்கைக்கு அடியில் திணித்து வைத்திருக்கும் கார்கள் ஏராளம். 2022 செப்டம்பரில் மகாராஷ்டிரத்தின் பால்கர் அருகே நடந்த விபத்தில் இறந்த டாடா சன்ஸ் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி, பின் இருக்கையில் பெல்ட் அணியாமல் இருந்ததாகத்தான் போலீசார் கூறினார்கள்.

கழற்றிய பெல்ட்டில் வெடிக்காத ப்ரீடென்ஷனர் இருந்தால் சர்வீஸ் சென்டரிலேயே ஒப்படையுங்கள். அது இல்லாத பெல்ட் என்றால் கடையை விட்டுக் கிளம்பும் முன் கத்தரிக்கோல் வாங்கிப் பட்டையை இரண்டாக வெட்டிவிடுங்கள். முழுதாகக் கிடந்தால் அது யாருடைய காருக்காவது போய்ச் சேரும்.