கரண்ட் போனால் இதுவும் எரியாதா?

சங்கரன்கோவில் பக்கம் எங்கள் கிராமம். 2024 ஆகஸ்டில் மாடியில் 3 கிலோவாட் சோலார் போட்டேன். ஏறிப் பார்த்துவிட்டுப் போனவர்கள் ஐம்பது பேராவது இருப்பார்கள். அதில் சோலார் போட்டவர்கள் இரண்டே பேர்.

முதலில் என் கணக்கு. ஏ.சி., ஃபிரிட்ஜ், போர் மோட்டார் எல்லாம் சேர்த்து இரண்டு மாதத்துக்கு 600 யூனிட் ஓடும். 500-ஐத் தாண்டினால் கீழே உள்ள யூனிட்டுக்கும் ரேட் ஏறிவிடும் என்பதால் பில் மூவாயிரத்தை ஒட்டி வந்துகொண்டிருந்தது. இப்போது முந்நூறு, நானூறு. நல்ல வெயிலில் நாளுக்கு 12 யூனிட் வரை வருகிறது, ஐப்பசி மழையில் நாலுகூட வராத நாளும் உண்டு. பக்கத்துத் தோட்டத்துத் தென்னை மட்டை ஒரு பேனல்மேல் நிழல் போட்டால்கூட மொத்த உற்பத்தியும் இறங்குகிறது. பேனலை விடிவதற்குள் கழுவிவிடுவேன், கண்ணாடி சூடேறிய பிறகு தண்ணீர் ஊற்றக் கூடாது.

செலவு 1,95,000 ரூபாய். பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் மானியம் 78,000. ஆனால் அது வேலை முடிந்த பிறகுதான் கணக்கில் ஏறும். வங்கிக் கடன் உண்டு என்றாலும், நான் நகையை வைத்துத்தான் புரட்டினேன்.

எதிர்வீட்டுச் சித்தப்பாவுக்கு இரண்டு மாதத்துக்கு 90 யூனிட்தான். 100 வரை இலவசம், பில்லே கிடையாது. வயல் மோட்டாருக்கும் கரண்ட் இலவசம். “எனக்கு எதுக்குடா இது?” என்றார். நியாயம்தானே? மற்றவர்களுக்கு வேறு வேறு சிக்கல். ஒருவருக்கு ஓட்டு வீடு. இன்னொருவருக்கு இணைப்பு இன்னும் செத்துப்போன தாத்தா பெயரில். மூன்றாவது வீட்டில் அண்ணன் தம்பி பாகம் பிரிக்கவில்லை, மாடி யாருக்கென்றே தெரியாது.

எல்லோரும் தவறாமல் கேட்டது ஒன்று: “கரண்ட் போனா இது எரியும்ல?” எரியாது. லைன் செத்தால், பேனல் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் இந்த இன்வெர்ட்டரும் நின்றுவிடும். இல்லையென்றால் மாடியிலிருந்து லைனுக்குப் போகும் கரண்ட், கம்பத்தில் வேலை பார்ப்பவருக்கு ஷாக் அடிக்கும். பேட்டரியோடு போட்டால் எரியும், செலவு எகிறும். மாட்டிவிட்டுப் போனவர்கள் இதை என்னிடம் சொல்லவே இல்லை. முதல் கட் வந்த அன்றுதான் தெரிந்துகொண்டேன். இதைக் கேட்டதுமே பாதிப் பேர் இறங்கிப் போய்விட்டார்கள்.

போட்ட இருவருக்கும் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டுக்கு மேல் ஓடும்.

போன சித்திரையில் சித்தப்பா வீட்டுக்கு மகள் வந்து ஏ.சி. மாட்டிவிட்டுப் போனாள். அடுத்த ரீடிங் எடுத்த அன்று சாயங்காலம் சித்தப்பா மாடியேறி வந்து, பேனல் ஒன்று எவ்வளவு என்று கேட்டார்.