லிஃப்ட் செய்த டகோமாவில் ஸ்பேசர்: சில குளிர்காலங்கள் ஓட்டிப் பார்த்த பிறகு

பிக்கப் வண்டிகள் கம்பெனியிலிருந்து வரும்போதே மூக்கு தாழ்ந்துதான் வரும். பின்னால் பாரம் ஏற்றி லீஃப் ஸ்பிரிங் (அடுக்கடுக்கான எஃகுப் பட்டை) அமுங்கும்போது வண்டி சமமாக நிற்கட்டும் என்பதற்கான ஏற்பாடு அது. என் மூன்றாம் தலைமுறை டொயோட்டா டகோமாவை லிஃப்ட் செய்தபோது, அதாவது சஸ்பென்ஷன் பாகங்களை மாற்றி உயர்த்தியபோது, புது லீஃப் ஸ்பிரிங் பின்பக்கத்தை இன்னும் தூக்கிவிட்டது. சக்கர மையத்திலிருந்து ஃபெண்டர் (மட்கார்டு) விளிம்பு வரை டேப் பிடித்தால் முன்னால் ஒன்றரை அங்குலம் குறைவு. அதைச் சரிக்கட்டத்தான் முன் ஸ்ட்ரட்டுகளின் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த பாகம்) தலையில் அரை அங்குல அலுமினிய ஸ்பேசர், அதாவது இடைவெளி கூட்டும் தட்டு, போட்டேன்.

அரை அங்குலம் போட்டால் வண்டி ஏறக்குறைய ஒரு அங்குலம் உயரும். ஸ்ட்ரட்டின் அடி கீழ் கன்ட்ரோல் ஆர்மின் (சக்கரத்தைச் சட்டத்தோடு இணைக்கும் கை) நடுவாக்கில் இருக்கிறது, சக்கரம் நுனியில் இருக்கிறது. கதவைக் கீல் பக்கம் கொஞ்சம் தள்ளினால் கைப்பிடிப் பக்கம் நிறைய நகரும் அல்லவா, அதே கணக்குதான். அதனால் வாங்கும்போது பெட்டியில் போட்டிருப்பது ஸ்பேசரின் தடிமனா, வண்டி உயரும் அளவா என்று கேட்டுக்கொள்ளுங்கள். டகோமா ஓட்டுநர் பக்கம் லேசாகச் சாய்ந்து நிற்பது பலருக்கும் தெரிந்ததே. அந்தப் பக்கத்துக்கு மட்டும் கால் அங்குலம் கனம் கூடியதைப் போட்டதும் சாய்வு போய்விட்டது.

ஓட்டத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. தலைமேல் உட்காரும் ஸ்பேசர் ஸ்பிரிங்கை அமுக்காது, அதனால் மென்மை அப்படியே இருக்கிறது. ஸ்பிரிங்குக்கும் மேல்தட்டுக்கும் நடுவில் செருகும் வகை அப்படியல்ல. ஸ்பிரிங்கை முன்கூட்டியே இறுக்கிவிடும், சின்னக் குழியும் உள்ளே தெரியும்.

சிக்கல் சக்கரம் கீழே தொங்கும்போதுதான் வருகிறது. ஸ்பேசரின் அளவுக்கு ஸ்ட்ரட் நீண்டுவிட்டதால், பள்ளத்தில் சக்கரம் இன்னும் கீழே இறங்கும். மேல் பால் ஜாயின்ட் (மேல் ஆர்மின் நுனியில் உள்ள உருண்டை மூட்டு) தன் எல்லையைத் தொடும், மேல் ஆர்ம் காயில் ஸ்பிரிங்கை உரசும், சிவி ஆக்ஸிலின் (முன் சக்கரத்தைச் சுழற்றும் தண்டு) கோணம் கூடும். ஏற்கெனவே லிஃப்ட் செய்த வண்டியில் இதற்கெல்லாம் மிச்சம் வைத்த இடம் குறைவு. என் வண்டியில் ஒரு பக்க ஆக்ஸிலின் ரப்பர் பூட் (மூட்டின் கிரீஸைக் காக்கும் உறை) மடிப்போடு மடிப்பு உரசித் தேய்ந்து கிழிந்தது. சக்கரத்தின் உள்பக்கம் முழுக்கக் கறுப்பு கிரீஸ் தெறித்திருந்தது. ஆயில் மாற்ற வண்டியைத் தூக்கும்போதெல்லாம் அந்த மடிப்புகளை விரலால் விரித்துப் பாருங்கள்.

நான் இருப்பது மிச்சிகனில். குளிர்காலம் முழுக்கச் சாலையில் உப்பு கொட்டுவார்கள். அலுமினியமும் இரும்பும் சேரும் இடத்தில் வெள்ளைப் பொடி பூத்து, கழற்றும்போது ஸ்பேசர் ஒட்டிக்கொண்டு வர மறுக்கிறது. வசந்தத்தில் அடியில் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவது கட்டாயம்.

ஸ்பேசர் போட்ட கையோடு அலைன்மென்ட் (சக்கரக் கோணங்களைச் சரிசெய்வது) செய்துவிடுங்கள். முன்பக்கம் உயர்ந்தால் காஸ்டர் (சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வு) குறைந்து நெடுஞ்சாலையில் ஸ்டீயரிங் நிலைகொள்ளாது. அப்புறம் ஹெட்லைட். மூக்கு ஏறினால் ஒளியும் ஏறி எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கும், இறக்கி வைக்க வேண்டும். பாரம் ஏற்றினால் இது இன்னும் மோசமாகும் என்பதால், முழுச் சமம் ஆக்காமல் முன்பக்கத்தை அரை அங்குலம் தாழ்வாகவே விட்டிருக்கிறேன். டிரெய்லர் இழுப்பவர்கள் இதைவிடக் கூடுதலாக விட்டாலும் தப்பில்லை.

உங்கள் லிஃப்ட் கிட்டில் மரை வளையம் உள்ள காயில்ஓவர் (உயரத்தை மாற்றக்கூடிய ஸ்ட்ரட்) இருந்தால் ஸ்பேசர் பக்கமே போகாதீர்கள். வளையத்தைத் திருகியே உயரத்தைச் சரிசெய்துகொள்ளலாம். ஓட்டம் கொஞ்சம் விறைப்பாகும், ஆனால் ஸ்ட்ரட்டின் நீளம் மாறாது, ஆக்ஸில் எல்லை தாண்டாது.