ஐஸ் பெட்டியா, குளிர் பம்பா, சூடான ரத்தமா?

உறுப்பு தானத்தில், மூளைச்சாவு அடைந்தவரின் உறுப்புகளுக்கு அவற்றை எடுக்கும் கடைசி நிமிடம் வரை ரத்தம் ஓடிக்கொண்டிருக்கும். இதயம் நின்று இறந்தவர் விஷயத்தில் அப்படியில்லை. துடிப்பு தானாகத் திரும்பாது என்று உறுதிசெய்ய பிரிட்டனில் 5 நிமிடம் காத்திருக்கிறார்கள், இத்தாலியில் 20 நிமிடம். அதுவரை உறுப்புகள் உடல் சூட்டிலேயே ஆக்சிஜன் இல்லாமல் தவிக்கின்றன. இப்படி ஏற்கெனவே அடிபட்ட உறுப்பை எதில் வைத்துக் கொண்டுபோவது?

ஐஸ் பெட்டி மலிவு, எளிது. மின்சாரமோ தனிப் பயிற்சியோ வேண்டாம். சுமார் 4 டிகிரியில் சிறுநீரகம் ஒரு நாள் தாங்கும், இதயம் நாலு மணி நேரம். ஆனால் குளிர் சேதத்தை மெதுவாக்குமே தவிர சரிசெய்யாது. பொருத்திய பிறகு உறுப்பு வேலை செய்யுமா என்பதும் தெரியாது.

குளிர் பம்ப், குளிர்ந்த திரவத்தை ரத்தக்குழாய்கள் வழியே ஓடவிடுகிறது. கல்லீரலுக்கு இதன் பலன் பெரியது. இதயம் நின்றவர்களின் கல்லீரலைப் பொருத்தினால் பித்தநாளங்கள் பின்னால் சுருங்கிப்போவதுதான் பெரிய தலைவலி. 2021-இல் வெளியான ஐரோப்பிய ஆய்வில், ஐஸில் கொண்டுவந்த கல்லீரலுக்குக் கடைசியில் இரண்டு மணி நேரம் ஆக்சிஜன் கலந்த குளிர் ஓட்டம் கொடுத்தார்கள். வெறும் ஐஸில் 18 சதவீதமாக இருந்த அந்தச் சிக்கல் 6 சதவீதமாகக் குறைந்தது. பம்ப் நடுவில் நின்றால்கூட உறுப்பு குளிரில்தான் இருக்கும், உடனே ஆபத்தில்லை. சிறுநீரகத்துக்கும் நான் இதைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

சூடான முறையில் உடல் வெப்பத்திலேயே ரத்தம் ஓடும். கல்லீரல் பித்தம் சுரக்கிறதா, ஆக்சிஜன் பற்றாக்குறையில் ஏறும் லாக்டேட் இறங்குகிறதா என்று பொருத்தும் முன்பே பார்த்துவிடலாம். இதயத்துக்கு இந்தச் சோதனை இன்னும் முக்கியம். சிட்னியில் 2014-இல் நின்றுபோன இதயத்தை இயந்திரத்தில் மறுபடி துடிக்கவைத்துப் பார்த்த பிறகே பொருத்தினார்கள். 2023-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், அப்படிப் பெற்ற இதயங்களோடு ஆறு மாதம் பிழைத்தவர்கள் 94 சதவீதம். மூளைச்சாவு இதயங்களோடு 90. செலவும் ஆள்பலமும் அதிகம்தான். இயந்திரம் நின்றால் பதற வேண்டியதும் இங்கேதான்.

நாலாவதாக ஒன்று உண்டு: உறுப்புகளை வெளியே எடுக்கும் முன், வெளியிலுள்ள பம்பை இணைத்து இறந்தவர் உடலுக்குள்ளேயே ரத்தத்தை ஓடவிடுவது. மூளைக்கு ரத்தம் திரும்பாதபடி அங்கே போகும் பாதையை முதலில் அடைத்துவிடுவார்கள். கல்லீரலுக்கு நல்ல பலன் தருகிறது. ஆனால் ரத்த ஓட்டம் நின்றதால்தான் மரணம் என்று அறிவித்துவிட்டு, அதே ஓட்டத்தைத் திரும்ப உண்டாக்கலாமா என்று கேட்கிறவர்களை வெறும் பழமைவாதிகள் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை.