கிட்ஹப் ப்ரொஃபைல் ரெடி பண்ணித் தருகிறோம் என்று 18,500 ரூபாய் வாங்கி ஏமாற்றிவிட்டார்கள் – ஃப்ரெஷர்கள் கவனிக்கவும்

என் தம்பியின் கிட்ஹப் (எழுதிய கோடை ஏற்றி வைத்து மற்றவர்களுக்குக் காட்டும் தளம்) கணக்கை அழகாக்கித் தருகிறோம் என்று 18,500 ரூபாய் வாங்கிக்கொண்டு, கடைசியில் அவன் பெயரையே கெடுத்துவிட்டார்கள். நேற்று மாலை மறுபடியும் போய்க் கேட்டேன். ஒரு ரூபாய்கூடத் திரும்ப வராது என்று முகத்துக்கு நேராகச் சொன்னார்கள். வேலை தேடும் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் எல்லோரும் இதைப் படியுங்கள்.

இடம் கோவையில் ஒரு கோடிங் பயிற்சி மையம். அங்கிருந்த ஆலோசகர் தம்பியின் கணக்கை எங்கள் முன்னாலேயே திறந்து காட்டினார். "டெஸ்ட்1, ஃபைனல் நியூ... இப்படியா தம்பி ரெப்போவுக்குப் பேர் வைப்பாங்க? ஒண்ணுலயும் ரீட்மீ இல்லை. பார்க்கிறவங்க அரை நிமிஷத்துல மூடிட்டுப் போயிடுவாங்க" என்றார். ரெப்போ என்றால் ஒரு ப்ராஜெக்ட்டின் ஃபைல்களை வைக்கும் இடம், ரீட்மீ என்றால் அதை விளக்கும் குறிப்பு. அவர் சொன்னது அத்தனையும் நிஜம். ஆறு ரெப்போவரை முகப்பில் பின் செய்து வைக்கலாம், யூசர்நேம் பெயரிலேயே ஒரு ரெப்போ தொடங்கி அதில் ரீட்மீ எழுதினால் அதுவே ப்ரொஃபைலின் மேல் அறிமுகமாகத் தெரியும் என்றும் சொல்லிக் கொடுத்தார். தம்பிக்கே தெரியாத விஷயங்கள். இவ்வளவு தெரிந்த மனிதரை நம்பாமல் எப்படி இருப்பது?

"அவரோட ப்ராஜெக்ட்டைத்தான் சார் சரி பண்ணப் போறோம். மென்டர் கூடவே உட்கார்ந்து செய்ய வைப்பார்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அங்கேயே ஜிபேயில் 18,500 ரூபாய் அனுப்பினேன். கணக்கைத் தயார் செய்யணும் என்று பாஸ்வேர்டையும் வாங்கிக்கொண்டார்கள்.

மென்டர் என்று ஒருவர் வரவே இல்லை. திடீரென்று ஒருநாள் தம்பியின் ப்ரொஃபைலில், எந்தெந்த நாளில் வேலை செய்தோம் என்று காட்டும் பச்சைக் கட்டங்கள் வருஷம் முழுக்க நிரம்பிக் கிடந்தன. கிட்ஹப்புக்கு அடிப்படையான கிட் மென்பொருளில், கமிட்டின் (மாற்றத்தைச் சேமிக்கும் ஒவ்வொரு பதிவின்) தேதியை நாம் விரும்பியபடி போடலாம். அதை வைத்து ஒரு ஸ்கிரிப்ட்டை ஓடவிட்டு, ஒரே டெக்ஸ்ட் ஃபைலில் நாளுக்கு ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள். அவன் கணக்குத் தொடங்குவதற்கு முந்தைய வருஷத்தில்கூட கமிட் இருக்கிறது! அவனுடைய சொந்த ப்ராஜெக்ட்டுகளை மறைத்துவிட்டு, யார் யாரோ எழுதியதை எடுத்து ஏற்றியிருந்தார்கள்.

இது எங்களுக்குத் தெரிந்ததே இன்டர்வியூவில்தான். எதிரே இருந்தவர் கமிட் ஹிஸ்டரியைத் திறந்தார். படிப்படியாக எழுதிய தடமே இல்லாமல், முழு ப்ராஜெக்ட்டும் ஒரே கமிட்டில் வந்திருந்தது. லைசென்ஸ் ஃபைலை அழித்தவர்கள், பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் ஒரு சிஎஸ்எஸ் ஃபைலுக்குள் இருந்த உண்மையான ஆசிரியரின் பெயரை அப்படியே விட்டிருந்தார்கள். "இவர் யாருங்க?" என்று கேட்டாராம். தம்பியால் பதில் சொல்ல முடியவில்லை. எம்ஐடி லைசென்ஸ் என்ற பொது அனுமதியில் இருக்கும் கோடை யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், ஆனால் எழுதியவரின் பதிப்புரிமைக் குறிப்பை நீக்கக் கூடாது. நீக்கியது இவர்கள், திருடன் என்று பார்க்கப்பட்டது என் தம்பி. அப்புறம் அந்தக் கோடை எழுதியவரே வந்து, என் பெயரை ஏன் எடுத்தாய் என்று அந்த ரெப்போவிலேயே இஷ்யூ (புகார்ப் பதிவு) போட்டுக் கேட்டார். அவருக்கு மன்னிப்புக் கேட்டு எழுதியதும் தம்பிதான்.

மையத்துக்கு போன் செய்தால் முதலில் "மேடம் மீட்டிங்ல இருக்காங்க". அடுத்து "டெக்னிக்கல் டீம்கிட்ட சொல்லியிருக்கோம் சார்". வாட்ஸ்அப்பில் நீல டிக் விழுகிறது, பதில் இல்லை. நேற்று நேரில் போனபோது, அன்று அவ்வளவு பொறுமையாகப் பேசிய அதே ஆலோசகர் என்னை உட்காரக்கூடச் சொல்லவில்லை. "ப்ரொஃபைல் டெலிவர் பண்ணிட்டோம். டிஜிட்டல் சர்வீஸுக்கு ரீஃபண்ட் கிடையாது. இன்டர்வியூல பேசத் தெரியலைன்னா நாங்க என்ன பண்றது?" என்றார். வாங்கியது 18,500 ரூபாய். அது எனக்கு ஒரு மாதச் சம்பளத்தில் பாதிக்கும் மேல்.

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. சுருக்கமாகச் சொல்கிறேன். பாஸ்வேர்டை யாருக்கும் கொடுக்காதீர்கள். கொடுத்திருந்தால் மாற்றினால் மட்டும் போதாது, செட்டிங்ஸில் போய் பாஸ்வேர்ட் இல்லாமலே கணக்கைப் பயன்படுத்த அவர்கள் உருவாக்கிய ஆக்சஸ் டோக்கன், எஸ்எஸ்எச் கீ இரண்டையும் அழியுங்கள். பச்சைக் கட்டத்துக்கும் ஸ்டாருக்கும் (ரெப்போவுக்கு விழும் லைக் மாதிரி) காசு கொடுக்காதீர்கள். ஸ்டார் விற்பதும் வாங்குவதும் கிட்ஹப் விதிகளுக்கே எதிரானது. நீங்களே எழுதிய சின்ன ப்ராஜெக்ட் இரண்டு போதும். அது என்ன செய்கிறது, எப்படி ஓட்டுவது என்று ரீட்மீயில் எழுதி, கூடவே ஒரு ஸ்க்ரீன்ஷாட் வையுங்கள். பணம் போயிருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழையுங்கள். ரசீது, சாட் எதையும் அழிக்காதீர்கள்.

நான் இன்று காலை அழைத்துப் புகாரைப் பதிவு செய்துவிட்டேன். 18,500 ரூபாய் வரவில்லை என்றால் அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். இதே மாதிரி ஏமாந்தவர்கள் வேறு யாராவது இருந்தால் சொல்லுங்கள், சேர்ந்தே போகலாம்.