ராஜ்தூத் 350 வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு: 18,500 ரூபாய் போய்விட்டது

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். பழைய வண்டிகளைப் புதுப்பித்து வீடியோ போடும் ஒரு பட்டறையில் 18,500 ரூபாயைத் தொலைத்திருக்கிறேன்.

என்னுடையது ராஜ்தூத் 350, எண்பதுகளில் எஸ்கார்ட்ஸ் தயாரித்த யமஹா ஆர்.டி. பாயின்ட் (பேட்டரி மின்சாரத்தை விட்டுவிட்டு வெட்டிப் பொறி உண்டாக்கும் சுவிட்ச்) வைத்த வண்டி. பேட்டரி இறங்கினால் விளக்கு மங்குவதோடு விடாது. பிளக்கில் பொறி செத்து இன்ஜினே நின்றுவிடும். அப்படித்தான் நிற்கத் தொடங்கியது.

பட்டறைக்காரர் டீ வரவழைத்தார். பேட்டரியில் மீட்டரை வைத்து, ஆக்ஸிலேட்டரை முறுக்கிக் காட்டினார். 12.1 வோல்ட், அசையவே இல்லை. “நான் சொல்லவில்லை சார், மீட்டர் சொல்கிறது” என்றார். சார்ஜ் ஏறவில்லை என்று மட்டும்தான் மீட்டர் சொன்னது. பேட்டரிக்குச் சார்ஜ் தரும் ஸ்டேட்டர் சுருளும் அதற்குள் சுழலும் ரோட்டரும் எரிந்துவிட்டன, வெளிநாட்டிலிருந்துதான் வரவேண்டும், முழுப் பணமும் முன்னால் வேண்டும் என்பதெல்லாம் அவர் சொன்னது. பேசிக்கொண்டே டேங்க் மீதிருந்த தூசியைத் தன் சட்டை நுனியால் துடைத்தார். வண்டியை நேசிக்கிற மனிதர் என்று நினைத்து அங்கேயே பணத்தை அனுப்பினேன். 18,500.

வண்டி திரும்பி வந்த அன்று விளக்கு பளிச்சென்று எரிந்தது. பேட்டரியை வெளியில் சார்ஜ் ஏற்றிக் கொடுத்திருக்கிறார், அவ்வளவுதான். அடுத்த நீண்ட பயணத்தில், இருட்டிய பிறகு, பின்னால் லாரி வரும்போது வண்டி அணைந்தது.

எங்கள் தெருமுனை எலக்ட்ரீஷியன் இன்ஜின் பக்கவாட்டு மூடியைக் கழற்றினார். உள்ளே அதே பழைய ஸ்டேட்டர். முன்பு ஒயருக்கு ஒட்டுப்போட்டபோது மாட்டிய மஞ்சள் ஸ்லீவ்கூட அப்படியே இருந்தது! ரோட்டருக்கு மின்சாரம் கொண்டுபோகும் கார்பன் பிரஷ் இரண்டில் ஒன்று அரிசியளவுக்குத் தேய்ந்து, ரோட்டரிலுள்ள ஸ்லிப் ரிங் என்ற வளையத்தைத் தொடாமல் கிடந்தது. கார் ஆல்டர்னேட்டர் பிரஷ் ஒரு ஜோடி வாங்கி, உப்புத்தாளில் தேய்த்து அளவாக்கிப் பொருத்தினார். இப்போது மீட்டர் 14 வோல்ட்டைத் தாண்டுகிறது. கூலியோடு 250 ரூபாய்.

பட்டறைக்கு போன் செய்தால் பையன் எடுக்கிறான். அண்ணன் சாப்பிடப் போயிருக்கிறாராம். மாலை ஐந்து மணிக்கும் சாப்பாடு முடியவில்லை. நேரில் போனால், எலக்ட்ரிக்கல் பொருளுக்கு கேரண்டி கிடையாது என்றார். கழற்றிய பழைய ஸ்டேட்டர் எங்கே என்றேன். காயலான் கடைக்குப் போய்விட்டதாம். என் வண்டிக்குள் இருப்பது எது என்று மஞ்சள் ஸ்லீவின் படத்தைக் காட்டினேன். “வெளியாள் கை வைத்த வண்டிக்கு நான் பொறுப்பில்லை” என்று எழுந்து போய்விட்டார். பில் என்று கொடுத்த தாளில் ‘எலக்ட்ரிக்கல் வேலை – 18,500’ என்பதைத் தவிர ஒன்றுமில்லை. கடை முத்திரைகூட இல்லை.

என்னென்ன சோதிக்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. மூடியைக் கழற்றிவிட்டுச் சாவியைப் போட்டு, ரோட்டர் அருகே ஸ்க்ரூடிரைவரைக் கொண்டுபோங்கள். காந்தம்போல் இழுக்க வேண்டும். இழுக்காவிட்டால் முதலில் பியூஸ், பிரஷ், பிறகு சார்ஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரைப் பாருங்கள். பார்த்ததும் சாவியை அணைத்துவிடுங்கள், இக்னிஷன் காயில் சூடாகும். கழற்றிய பழைய பொருள் கைக்கு வராமல் முழுப் பணம் கொடுக்காதீர்கள். அந்த ஆள் சட்டை நுனியால் டேங்க் துடைத்தால் வண்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள்.

நுகர்வோர் ஆணையத்துக்கு மனு எழுதப் போகிறேன். முத்திரையில்லாத தாளும் பணம் அனுப்பிய ரசீதும் போதுமா என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.