ஓரியின் இரண்டாம் பயணம்: சில ஆண்டுகள் விளையாடிய பின்

‘ஓரி அண்ட் தி வில் ஆஃப் தி விஸ்ப்ஸ்’ விளையாட்டை நான் முதன்முதலில் திறந்தது 2020 ஏப்ரலில், ஊரடங்கினால் வீட்டுக்குள்ளேயே இருந்த நாட்களில். அது வெளியாகி அப்போது ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அதன்பின் நான்கு முறை முழுவதுமாக முடித்திருக்கிறேன். மூன்று முறை கணினியில், ஒரு முறை நின்டெண்டோ ஸ்விட்சில். முதல் முறை முடித்தபோது இருந்த கருத்துகளில் சில இன்றும் அப்படியே இருக்கின்றன, சில தலைகீழாக மாறிவிட்டன. அந்த மாற்றத்தைத்தான் இங்கே பகிர விரும்புகிறேன்.

முதல் பாகமான ‘ஓரி அண்ட் தி பிளைண்ட் ஃபாரஸ்ட்’ 2015 மார்ச் 11 அன்று வந்தது. இரண்டாம் பாகமும் சரியாக ஐந்து ஆண்டுகள் கழித்து அதே தேதியில் வெளியானது. இரண்டையும் உருவாக்கியது வியன்னாவைத் தலைமையிடமாகக் கொண்ட மூன் ஸ்டுடியோஸ். அதன் கலைஞர்களும் நிரலாளர்களும் வெவ்வேறு நாடுகளில் அவரவர் இடத்திலிருந்தே வேலை செய்தவர்கள். ஓரி என்னும், வெள்ளை ஒளியால் ஆன ஒரு சிறு உயிர், அழிந்துகொண்டிருக்கும் காட்டுக்குள் தாவியும் ஏறியும் வழி கண்டுபிடிக்கிறது; ஒவ்வொரு புதிய ஆற்றல் கிடைக்கும்போதும் முன்பு எட்டாத இடங்கள் எட்டுகின்றன. மெட்ராய்ட்வேனியா வகை விளையாட்டுகளின் இந்த அடிப்படை இரு பாகங்களுக்கும் பொது.

இரண்டாம் பாகத்தின் பெரும்பலம் ஓரியின் அசைவு. முதல் பாகத்திலேயே ‘பாஷ்’ என்ற ஆற்றல் இருந்தது: எதிரி ஏவிய குண்டையோ, எதிரியையே கூடவோ நெருங்கிப் பொத்தானை அழுத்தினால் காலம் ஒரு கணம் உறைந்து நிற்கும், அம்புக்குறியை வேண்டிய திசைக்குத் திருப்பி விட்டால் ஓரி அந்தப் பக்கம் பாயும், குண்டு எதிர்ப்பக்கம் போகும். இரண்டாம் பாகத்தில் இதனோடு கொக்கிபோல் பற்றி இழுத்துக்கொள்ளும் ஆற்றலும், நீருக்குள் பாயும் ஆற்றலும், மணலைத் துளைத்துச் செல்லும் ஆற்றலும் சேர்கின்றன. விண்ட்ஸ்வெப்ட் வேஸ்ட்ஸ் என்னும் பாலைப் பகுதியில் மணலுக்குள் மூழ்கி, மறுபக்கம் பீறிட்டு வெளிவந்து, அந்த வேகம் குறைவதற்குள் மேலே தொங்கும் கொடியைப் பற்றி, அங்கிருந்து ஒரு விளக்கை உதைத்து, இன்னொரு மணற்கட்டிக்குள் தலைகீழாகப் பாயும்போது தரையை மிதிக்காமலேயே ஒரு முழுத் திரையைக் கடந்துவிட முடிகிறது. முதல் முறை அந்த இடத்தைக் கடக்க எனக்கு ஏறத்தாழ அரை மணி நேரம் பிடித்தது. நான்காம் முறை யோசிக்காமலேயே கடந்தேன். இடையில் ஓராண்டுக்கு மேல் தொடாமல் இருந்தும் விரல்கள் மறக்கவில்லை. நீச்சல் கற்றவர்களுக்கு அது மறக்காது என்பார்களே, அந்த வகையான நினைவு அது.

லூமா பூல்ஸ் பகுதியையும் இங்கே சொல்லியாக வேண்டும். தெளிந்த நீரும், இளஞ்சிவப்பு மரங்களும், மிதக்கும் நீர்க்குமிழிகளும் நிறைந்த அந்த இடத்தில், நீருக்கடியிலிருந்து வேகமெடுத்துத் துள்ளி வெளியே வந்து, காற்றில் ஒரு குமிழியைத் தொட்டு, மீண்டும் அடுத்த குளத்துக்குள் விழுவதை எந்தத் தேவையும் இல்லாமல் பல நாள் மாலையில் செய்துகொண்டிருந்திருக்கிறேன். கேரத் கோக்கரின் இசை அந்த இடத்தில் நீரின் அசைவோடு ஒட்டியே போகும். இரு பாகங்களுக்கும் அவர்தான் இசையமைப்பாளர், இரண்டிலும் ஒலிக்கும் குரல் ஏரலி பிரைட்டனுடையது. அதனால்தான் முதல் பாகத்தை விளையாடியவர்களுக்கு இரண்டாம் பாகத்தின் முதல் நிமிடத்திலேயே பழைய வீட்டுக்குத் திரும்பிய உணர்வு வந்துவிடுகிறது.

ஆனால் எனக்கு மிகவும் பிடித்திருந்த ஒன்றை இரண்டாம் பாகம் கைவிட்டது. முதல் பாகத்தில் சேமிப்புப் புள்ளியை நாமே உருவாக்க வேண்டும். கையிருப்பில் உள்ள ஆற்றலில் ஒரு பங்கைச் செலவிட்டு, எதிரி அருகில் இல்லாத பாதுகாப்பான தரையில் நின்று பொத்தானை அழுத்திப் பிடித்தால்தான் அது உருவாகும். உருவாக்க மறந்து முட்களில் விழுந்தால் பத்து நிமிட உழைப்பு போய்விடும். கடுமையான ஏற்பாடுதான், ஆயினும் ஒவ்வொரு கிளையிலும் நின்று ‘இங்கே செலவிடலாமா, இன்னும் கொஞ்சம் பொறுக்கலாமா’ என்று எண்ண வைத்தது. இரண்டாம் பாகத்தில் எல்லாம் தானாகவே சேமிக்கப்படுகிறது. முதல் முறை விளையாடியபோது அதை முழு மனதோடு வரவேற்றேன். முதல் பாகத்தில் கின்சோ மரத்துக்குள் பொங்கி எழும் வெள்ளத்திலிருந்து தப்பி ஏறும் கட்டத்தில், இடையில் எங்கும் சேமிக்க வழியின்றி எத்தனை முறை இறந்தேன் என்ற கணக்கே என்னிடம் இல்லை. அந்தக் களைப்பு நினைவில் இருந்ததால் புதிய ஏற்பாடு பெரும் நிம்மதியாகத் தெரிந்தது. இரண்டாம், மூன்றாம் முறைகளில்தான் அதன் விலை புரிந்தது. இரண்டாம் பாகத்தின் துரத்தல் காட்சிகள், குறிப்பாக மணற்புழுவிடமிருந்து தப்பும் காட்சி, கண்ணுக்கு இன்னும் பிரம்மாண்டமானவை. ஆனால் விழுந்தால் அருகிலிருந்தே தொடரலாம் என்பதால் நெஞ்சு அதே அளவுக்குப் படபடப்பதில்லை.

சண்டைமுறை முழுவதும் மாறியிருக்கிறது. முதல் பாகத்தில் ஓரியின் துணையான செய்ன் அருகில் உள்ள எதிரிகளைத் தானே குறிவைத்துத் தாக்கும். இரண்டாம் பாகத்தில் ஒளிவாள், வில், சுத்தியல், ஈட்டி என்று ஆயுதங்கள் பல. அவற்றில் மூன்றை மட்டும் மூன்று பொத்தான்களில் வைத்துக்கொள்ளலாம். கூடவே ‘ஷார்ட்’ எனப்படும் ஒளிச்சில்லுகளைப் பொருத்தி ஓரியின் தன்மையை மாற்றிக்கொள்ளலாம். சுவரில் ஒட்டிக்கொள்ள உதவும் சில்லையும், மும்முறை தாவ உதவும் சில்லையும் நான் ஒருபோதும் கழற்றியதில்லை. ஆயுதங்களில் இறுதிவரை கைகொடுத்தவை வாளும் வில்லும் மட்டுமே, மற்றவற்றை ஆர்வத்துக்காக வாங்கி அப்படியே விட்டுவிட்டேன்.

வெல்ஸ்பிரிங் கிளேட்ஸ் என்னும் குடியிருப்பு இந்தப் பாகத்தில் புதிது. காட்டில் தேடியெடுத்த கோர்லெக் தாதுவைக் கொடுத்தால் குரோம் என்னும் கட்டடக்காரர் வீடுகளைக் கட்டித்தருகிறார். விதைகளைக் கொடுத்தால் டூலி என்னும் தோட்டக்காரர் நட்டு வளர்க்க, எட்டாத உயரங்களுக்கு வழி பிறக்கிறது. மோக்கி என்னும் சின்னஞ்சிறு உயிர்கள் அடைபட்டிருந்த இடங்களிலிருந்து மெல்லத் திரும்பி வந்து குடியேறுவதைக் காண்பது உண்மையாகவே மகிழ்ச்சி தருகிறது. அதேசமயம், ஒருவர் கேட்கும் பொருளை இன்னொருவரிடம் கொண்டுசேர்க்கும் சிறு வேலைகள் அதிகம். முதல் பாகத்தின் காட்டில் ஓரியிடம் பேச ஏறத்தாழ யாருமே இல்லை, அந்தத் தனிமைதான் அதன் துயரத்துக்கு அடித்தளமாக இருந்தது. இரண்டாம் பாகம் நடக்கும் நிவென் காட்டில் திரும்பும் இடமெல்லாம் ஒருவர் நின்று பேசுகிறார். இதைக் குறை என்று முழுவதும் சொல்ல மாட்டேன். ஆனால் முதல் பாகத்தின் மௌனத்தைத் தேடி வருகிறவர்கள் ஏமாறக்கூடும்.

அந்த மௌனம் மோல்ட்வுட் டெப்த்ஸில் மட்டும் திரும்பக் கிடைக்கிறது. அங்கே இருளே ஓரியைக் கொல்லும். வெளிச்சத்தை விட்டு விலகினால் சில நொடிகள்தான். மின்மினிக் கூட்டத்தின் பின்னால், அதன் ஒளிவட்டத்தை விட்டு அகலாமல் நடக்கும் அந்தப் பகுதியை இரவில் விளக்கை அணைத்துவிட்டு, ஹெட்ஃபோனோடு விளையாடிப் பாருங்கள்.

இனி வருவது கதையின் முடிவைத் தொடும் பகுதி. இன்னும் விளையாடாதவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிச் செல்லவும்.

முதல் பாகத்தின் குரோ என்னும் பெரிய ஆந்தை, தன் குஞ்சுகளை ஒளியால் இழந்த தாய். இறுதியில் எஞ்சியிருந்த ஒரே முட்டைக்காகத் தன் உயிரையே தருகிறாள். அந்த முட்டையிலிருந்து வந்த கூ என்ற சிறகு ஊனமான குஞ்சோடுதான் இரண்டாம் பாகம் தொடங்குகிறது. இங்கே எதிரியாக வரும் ஷ்ரீக், தாய் தந்தையை இழந்து, தன் இனத்தாலேயே வெறுத்து ஒதுக்கப்பட்ட ஆந்தை. குரோவைப் போல இவளும் கடைசியில் மனம் மாறுவாள் என்று எதிர்பார்த்தேன். மாறவில்லை. தோற்ற பின் சைலண்ட் வுட்ஸுக்குத் தவழ்ந்து சென்று, கல்லாகிப்போன பெற்றோரின் சிறகடியில் ஒடுங்கி உயிர் விடுகிறாள். 2020இல் அது எழுத்தாளர்கள் செய்த தவறு என்றே கருதினேன். அவளுக்கு ஒரு கருணைக் கை நீட்டப்பட்டிருக்க வேண்டும் என்று நண்பர்களிடம் வாதாடினேன். இப்போது அப்படி நினைப்பதில்லை. கூவுக்கு ஓரியும், ஓரியை வளர்த்த நாருவும், நண்பன் கூமோவும் இருந்தார்கள், ஷ்ரீக்குக்கு ஒருவரும் இல்லை. கதை அந்த வேறுபாட்டை மறைக்காமல் காட்டுகிறது. இரண்டு ஆந்தைகளில் இன்று என் மனதை அதிகம் வருத்துபவள் அவளே.

எதில் விளையாடுவது என்று கேட்பவர்களுக்கு: ஸ்விட்சில் நொடிக்கு 60 ஃபிரேம்கள் கிடைப்பதால் அசைவின் மென்மை கெடுவதில்லை, ஆயினும் சிறு திரையில் பின்னணி ஓவியங்களின் நுணுக்கம் குறைகிறது. எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸில் 120 ஃபிரேம்கள் வரை கிடைக்கும். கணினியில் விளையாடுவோர் விசைப்பலகையை நம்பாமல் ஒரு நல்ல கன்ட்ரோலரை வைத்துக்கொள்வது நல்லது. என்னுடைய பழைய கன்ட்ரோலரின் இடது ஸ்டிக் தானாக நகரத் தொடங்கியபின் பாஷ் அம்புக்குறி ஒருபோதும் நினைத்த திசையில் நிற்கவில்லை, புதியது வாங்கியபின்தான் மூன்றாம் முறையை முடித்தேன். முதல் பாகத்தை, முடிந்தால் 2016இல் வந்த டெஃபினிட்டிவ் பதிப்பில், முதலில் முடித்துவிட்டு வாருங்கள்.

ஐந்தாம் முறையைக் கடினநிலையில் தொடங்கியிருக்கிறேன். மோரா என்னும் தாய்ச் சிலந்தியிடம் நான்கு நாட்களாகத் தோற்றுக்கொண்டிருக்கிறேன். அவளது காலடியிலிருந்து தாவ வேண்டிய நொடி இன்னும் கைவரவில்லை.